செம்மஞ்சள் முதுகு மரங்கொத்தி: வயதா, கலப்பா?

வவுனியாவிலிருந்து வந்த கேள்வி, 2024 ஒக்டோபர் 12

"டீச்சர், எங்கட வளவுத் தென்னையில ஒரு சோடி மரங்கொத்தி நிக்குது. ஒண்டின்ர முதுகு நல்ல மஞ்சள். மற்றது மஞ்சளும் இல்லை, சிவப்பும் இல்லை, தோடம்பழத் தோல் மாதிரி. கண்டியில படிக்கேக்க பார்த்ததெல்லாம் இரத்தச் சிவப்பு. யாழ்ப்பாணத்தில பெரியம்மா வீட்டுப் பனையில பார்த்தது தனி மஞ்சள். இது வயசு போனதால நிறம் மாறினதோ, இல்லாட்டி ரெண்டும் கலந்ததோ?"

2024 ஒக்டோபர் 13

தம்பி, அவசரமாக எழுதுகிறேன். நாளைக்கு வினாத்தாள் கொடுக்க வேண்டும். இறகும் துணி மாதிரிதான். வெயிலில் காய்ந்து, மழையில் நனைந்து, மரப்பட்டையில் உரசி வெளுத்துப் போகும். உதிர்ந்து புதிது முளைக்கும் வரை பழையதோடுதான் பறவை காலம் தள்ளும். வெளுத்த சிவப்பு செம்மஞ்சளாகத் தெரியலாம். வயதுதான் என்று நினைக்கிறேன்.

2024 ஒக்டோபர் 19

மேலே எழுதியது பிழை. அதை அழிக்காமல் விடுகிறேன், எங்கே சறுக்கினேன் என்று படிப்பவர்களுக்குத் தெரியட்டும்.

பறவையின் நிறத்தைப் பார்த்தேனே தவிர, அது நிற்கிற ஊரைப் பார்க்கவில்லை. வெளுத்துத்தான் செம்மஞ்சள் ஆகிறதென்றால் இங்கே பண்டாரவளையிலும் வெளுக்க வேண்டுமே. பதினேழு வருஷமாக இந்தத் தோட்டப் பாடசாலைக்கு நடந்து வருகிறேன். வழியில் நிற்கிற முள்முருக்கு மரங்களில் சிவப்பு முதுகு மரங்கொத்தியைப் பார்க்காத வாரம் குறைவு. ஒன்றுகூடத் தோடம்பழ நிறத்துக்கு வெளுத்ததில்லை. செம்மஞ்சள் முதுகு பேசப்படுவதெல்லாம் ஒரு பட்டியில்தான். மன்னார்ப் பக்கம் தொடங்கி வவுனியா வழியாகத் திருகோணமலைப் பக்கம் வரை, தீவின் குறுக்கே போகிற பட்டி அது. அதற்கு வடக்கே மஞ்சள், தெற்கே சிவப்பு. தம்பியின் வளவு அந்தப் பட்டிக்குள் இருக்கிறது.

வடக்கில் இருப்பது இந்தியாவிலும் உள்ள பொன்முதுகு மரங்கொத்தியின் கிளையினம். அதன் அறிவியல் பெயரிலேயே யாழ்ப்பாணம் இருக்கிறது: டைனோபியம் பெங்காலென்ஸ் ஜாஃப்னென்ஸ். தெற்கிலும் மலையகத்திலும் இருப்பது டைனோபியம் சரோடெஸ், இந்தத் தீவைத் தவிர வேறெங்கும் இல்லாதது. வெகுகாலம் இரண்டையும் ஒரே இனத்தின் இரண்டு நிறங்களாகத்தான் எழுதி வந்தார்கள். 2016இல் சமிந்த பெர்னாண்டோ, டரன் இர்வின், சம்பத் செனவிரத்ன மூவரும் இறகின் நிறத்தையும் மரபணுவையும் ஒன்றாக வைத்துப் பார்த்து, சிவப்பைத் தனி இனமாகக் கொள்வதே சரி என்று ஆய்வு வெளியிட்டார்கள்.

ஆகவே தம்பி, இது கலப்பு. என்னை மன்னிக்கவும்.

2024 ஒக்டோபர் 20

நேற்றிரவே மூன்று பேர் ஒரே கேள்வியைக் கேட்டுவிட்டீர்கள். கலந்து குஞ்சு பொரிக்கிறதென்றால் ஒரே இனம்தானே, பாடப் புத்தகத்தில் அப்படித்தானே இருக்கிறது என்று. இருக்கிறது. நானே வகுப்பில் அப்படித்தான் சொல்லிக் கொடுக்கிறேன். எர்ன்ஸ்ட் மேயர் 1942இல் எழுதிவைத்த வரையறை அது. தம்முள் இனம்பெருக்குவதும் மற்றக் கூட்டத்தோடு சேராமல் இருப்பதும்தான் இனம் என்பது அதன் சாரம்.

ஆனால் கணக்கை மறுபக்கமிருந்து போட்டுப் பாருங்கள். இரண்டும் தடையில்லாமல் கலந்துகொண்டிருந்தால் இத்தனை காலத்தில் முழுத் தீவும் தோடம்பழ நிறமாகியிருக்க வேண்டும். யாழ்ப்பாணத்துப் பனையில் மஞ்சள் இன்னும் மஞ்சளாகவே இருக்கிறது. காலியில் சிவப்பு சிவப்பாகவே இருக்கிறது. நடுவில் மட்டும்தான் கலங்கல். இரண்டு ஆறு சேருமிடத்தில் கலங்கினாலும் மேலே இரண்டும் தனித்தனித் தண்ணீர்தானே. பட்டி பரவாமல் எது பிடித்துவைத்திருக்கிறது என்பதுதான் நல்ல கேள்வி. வறண்ட நிலமும் ஈர நிலமுமா? கலப்புக் குஞ்சுக்கு ஏதாவது குறையா? சோடி தேடுகையில் நிறம் பார்க்கிறதா? தம்பியின் சோடியில் ஒன்று மஞ்சள், ஒன்று செம்மஞ்சள். அந்த ஒரு தென்னையில் மூன்று கேள்வியும் உட்கார்ந்திருக்கிறது.

2024 ஒக்டோபர் 31

தீபாவளி லீவு. காலையில் பலகாரத் தட்டை மகனிடம் கொடுத்துப் பக்கத்து லயங்களுக்கு அனுப்பிவிட்டு, எல்ல பக்கம் இருக்கும் தங்கச்சி வீட்டுக்குப் போனேன். பின்னேரம் ஐந்தரை இருக்கும். பலா மரத்தில் ஒரு மரங்கொத்தி. முதுகு செம்மஞ்சள்! எனக்குக் கை நடுங்கியது. பட்டிக்கு இவ்வளவு தெற்கே, மலையில், கலப்பு எப்படி வந்தது? போனில் எடுத்த படத்தை இதோடு போடுகிறேன். கிளை மறைக்கிறது, ஆனாலும் நிறம் தெரிகிறது.

2024 நவம்பர் 3

பசறையிலிருந்து ஒரு அண்ணன் எழுதியிருக்கிறார்: "டீச்சர், அலகைப் பாருங்க. கறுப்பா, வெள்ளையா?"

பார்த்தேன். தந்த நிறம். அவர் சொன்னது சரி. இது கலப்பும் இல்லை, நான் பேசிக்கொண்டிருந்த மரங்கொத்தியும் இல்லை. வேறு பேரினம், கிரைசோகோலாப்டெஸ் ஸ்ட்ரிக்லண்டி. இதுவும் சிவப்பு முதுகு, இதுவும் இலங்கைக்கே உரியது. நம்முடைய வழக்கமான சிவப்பு மரங்கொத்திக்கு அலகு கருமை. இதற்கு அலகும் கண்ணும் வெளிறியவை. முதுகு கருஞ்சிவப்பாகத்தான் இருக்கும். மலைக்குப் பின்னால் இறங்குகிற வெயில் சாய்ந்து விழுந்து அதைத் தோடம்பழமாக்கிவிட்டது. அடுத்த நாள் காலையில் தங்கச்சி அதே மரத்தில் அதே பறவையைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "அக்கா, நல்லா செவப்பாத்தான் இருக்கு."

என்னை இரண்டு நாள் தூங்கவிடாமல் செய்தது வேறொன்று. இந்த இரண்டு சிவப்பு மரங்கொத்திகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் அண்ணன் தம்பி என்றுதான் சொல்வோம். நெருங்கிய உறவே இல்லை. தந்த அலகுக்காரருக்கு நெருங்கிய சொந்தம் அமெரிக்கக் கண்டத்தில் இருக்கிறது: தந்த அலகு மரங்கொத்தி என்று பேர் பெற்ற காம்பெஃபிலஸ் கூட்டம். கருத்த அலகுக்காரருக்குச் சொந்தம் வவுனியா தாண்டி நிற்கிற மஞ்சள். ஒரே நிறத்தில் ஒரே பலா மரத்தில் நிற்கிறவர்கள் அந்நியர்கள். வேறு நிறத்தில் இருநூறு கிலோமீற்றர் தள்ளி நிற்கிறவர்கள் இரத்த உறவு.

2024 நவம்பர் 6

சின்னக் குறிப்பு. சிவப்பு முதுகுள்ள பறவையை நாம் பொன்முதுகு என்று எழுதுவது பிள்ளைகளைக் குழப்புகிறது. வகுப்பில் இனிமேல் "செம்முதுகு மரங்கொத்தி" என்றே சொல்லப் போகிறேன். தந்த அலகுக்காரரைப் "பெரிய செம்முதுகு" என்கிறேன். மரங்கொத்திக்குச் சிங்களத்தில் "கேரலா" என்று சொன்னதும் ஏழாம் வகுப்பு முழுக்கச் சிரிப்பு. "டீச்சர், அப்ப அது இந்தியாவுலருந்து வந்திருக்கு!" என்றான் ஒருவன். ஒரு வகையில் அவன் சொன்னது சரிதான், பிறகு எழுதுகிறேன்.

2024 நவம்பர் 24

இதை எழுதக் கஷ்டமாக இருக்கிறது.

வியாழக்கிழமை பாடசாலை விஞ்ஞான அறையின் ஜன்னல் கண்ணாடிகளைப் பிள்ளைகளை வைத்துத் துடைக்கச் செய்தேன். வருஷக்கணக்கான தூசி. பளிச்சென்று ஆனது, வெளியே உள்ள மரமெல்லாம் கண்ணாடிக்குள் தெரிந்தது. வெள்ளிக்கிழமை காலை இரண்டாம் பாடத்தில் ஒரு சத்தம். ஓடிப் போனால் வராந்தாவில் பெரிய செம்முதுகு, பெட்டை. கழுத்து மடிந்திருந்தது. கையில் எடுத்தபோது உடம்பு சூடு.

அவ்வளவு கிட்டத்தில் அதுவரை பார்த்ததில்லை. உச்சிக் கொண்டை முழுக்கக் கறுப்பு, அதில் அரிசிக் குருணை இறைத்த மாதிரி வெள்ளைப் புள்ளிகள். ஆணுக்கு அந்த இடம் சிவப்பு. அலகு என் நடுவிரல் அளவுக்கு இருந்தது, நுனி உளி மாதிரி. வாலிறகு மற்றப் பறவைகளுடையது போல வளையவில்லை, நடுத்தண்டு ஈர்க்குச்சியாக உள்ளங்கையில் குத்தியது. மரத்தில் சாய்ந்து நிற்க அதுதான் மூன்றாவது கால். முதுகுச் சிவப்பை ஜன்னலோரம் ஒரு விதமாகவும் அறைக்குள் ஒரு விதமாகவும் பார்த்தேன். ஒரே இறகு இரண்டு நிறம் காட்டியது. ஒக்டோபர் 31இல் நான் ஏமாந்த விதம் கையிலேயே இருந்தது.

பிள்ளைகள் பாடசாலைத் தோட்டத்தில் குழி தோண்டிப் புதைத்தார்கள். கண்ணாடியின் வெளிப்பக்கம் முழுக்கப் பழைய பேப்பரைக் கீற்றுக் கீற்றாக வெட்டி ஒட்டியிருக்கிறோம். பளபளப்பு போனால் போகட்டும். மலையகத்தில் பாடசாலை, தொழிற்சாலை, ஹோட்டல் வைத்திருக்கிறவர்கள் யாராவது இதைப் படித்தால் தயவுசெய்து அதையே செய்யுங்கள்.

2024 டிசம்பர் 8

மஸ்கெலியா அக்கா: "மரங்கொத்திய விடுங்க டீச்சர். எங்க லயத்துச் சாவல் ஒன்னு காட்டுச் சாவலுக்குப் பொறந்ததுன்னு எல்லாரும் சொல்றாங்க. பாஞ்சா நாய்கூட ஓடுது. நடக்குமா?"

அக்கா, நடக்காது. இலங்கைக் காட்டுக்கோழி வேறு, நம் வீட்டுக்கோழி வேறு. வீட்டுக்கோழியின் மூதாதை சிவப்புக் காட்டுக்கோழி, அது இந்தத் தீவின் காட்டில் கிடையாது.

2024 டிசம்பர் 9

மறுபடியும் அவசரப்பட்டுவிட்டேன். "நடக்காது" என்பது தவறு. "நடந்தாலும் பெரும்பாலும் நிலைக்காது" என்று எழுதியிருக்க வேண்டும்.

காட்டுச் சேவல் லயத்துப் பக்கம் இறங்கிக் கோழியோடு சேருவதும் உண்டு, முட்டை கருக்கொள்வதும் உண்டு. இது ஆங்கிலேயர் காலத்திலிருந்தே தெரிந்த விஷயம். டார்வின் தன் "உயிரினங்களின் தோற்றம்" நூலின் பிந்தைய பதிப்பில் சால்ட்டர் என்பவருடைய பரிசோதனையைச் சொல்கிறார். மூன்று வகைக் கோழி இனங்களையும் அவற்றின் கலப்புகளையும் சேர்த்துப் பெற்ற முட்டைகள் சுமார் 500. பெரும்பாலானவை கருக்கொண்டன. பல குஞ்சுகள் முட்டைக்குள்ளேயே செத்தன, பொரித்தவற்றில் ஐந்தில் நாலு பங்குக்கு மேல் சில நாளிலோ வாரத்திலோ காரணம் தெரியாமல் போய்விட்டன. கடைசியில் வளர்ந்தது 12. ஐந்நூறுக்குப் பன்னிரண்டு! இரண்டு இனங்களுக்கு நடுவே இருக்கும் சுவர் எப்படிப்பட்டது என்று கேட்டால் இந்தக் கணக்கைத்தான் காட்டுவேன். வாசல் திறந்துதான் இருக்கிறது, உள்ளே போய்த் திரும்பி வருகிறவர்கள் குறைவு.

தப்பிப் பிழைத்ததிலும் பெட்டைக்கே ஆபத்து அதிகம். மரபியலாளர் ஹால்டேன் 1922இல் கவனித்துச் சொன்னது: கலப்பில் ஒரு பாலுக்கு மட்டும் குறை வந்தால், அது பெரும்பாலும் இரண்டு வேறுபட்ட பால் நிறமூர்த்தங்கள் உள்ள பாலாக இருக்கும். மனிதரில் அது ஆண். பறவைகளில் பெட்டை. ஆகவே கலப்புச் சேவல் ஊரெல்லாம் கூவித் திரியலாம், அதன் தங்கச்சி முட்டையே இடாமல் இருக்கலாம்.

அக்கா, உங்கள் சேவலின் நெஞ்சைப் பாருங்கள். இலங்கைக் காட்டுச் சேவலுக்கு நெஞ்சு செம்மஞ்சள், கொண்டை சிவப்பில் நடுவே மஞ்சள். நெஞ்சு கறுப்பாகவும் கொண்டை முழுச் சிவப்பாகவும் இருந்தால் அது வீட்டுச் சேவல், வீரத்துக்குக் காரணம் வேறு.

2024 டிசம்பர் 9, இரவு

எழுதிய பிறகு அம்மாவின் ஞாபகம் வந்தது. எனக்கு எட்டு வயசு. கவ்வாத்து வெட்டப் போன அப்பா, காட்டோரத் தேயிலைச் செடியின் அடியில் கிடந்த மூன்று முட்டைகளைச் சாக்குப் படங்கில் சுருட்டிக் கொண்டுவந்தார். காட்டுக்கோழி முட்டை. அம்மா அடைக்கோழியின் கீழே வைத்தார். இரண்டு பொரித்தன. முதுகில் கோடு போட்ட குஞ்சுகள். தாய்க்கோழி கொக்கரித்துக் கூப்பிட்டால் வீட்டுக்குஞ்சு ஓடி வரும். இவை இரண்டும் அந்தக் குரல் காதில் விழாதது மாதிரி சுவரோரம் பதுங்கி நிற்கும். மூன்றாம் நாள் ஒன்று செத்தது. மற்றது ஒரு பனிக்காலையில் காம்பராக் கதவைத் திறந்ததும் நேரே தேயிலைக்குள் ஓடியது. அம்மா மாலைவரை குரல் கொடுத்துத் தேடினார். "அது பாஷை வேற புள்ள, நம்ம கூப்புட்டா அதுக்கு வெளங்காது" என்றார்.

கலப்பைத் தடுக்கிற சுவர்களில் குரலும் ஒன்று என்று பல வருஷம் கழித்துப் பட்டப்படிப்பில் படித்தபோது அம்மாதான் கண்முன் நின்றார்.

2024 டிசம்பர் 21

மஸ்கெலியா அக்கா படம் அனுப்பியிருக்கிறார். நெஞ்சு கறுப்பு. வீட்டுச் சேவல்தான். ஆனால் அக்கா, அதன் காலைப் பாருங்கள், மஞ்சள்! அங்கே ஒரு உண்மையான கலப்பு ஒளிந்திருக்கிறது.

சிவப்புக் காட்டுக்கோழிக்கு மஞ்சள் தோல் கிடையாது. 2008இல் மரபணுவை ஆராய்ந்தபோது, வீட்டுக்கோழியின் மஞ்சள் காலுக்குக் காரணமான மரபணு தென்னிந்தியாவின் சாம்பல் காட்டுக்கோழியிடமிருந்து வந்தது என்று கண்டார்கள். அதாவது எப்போதோ, எங்கோ, சால்ட்டரின் பன்னிரண்டைப் போல ஒரு கலப்புக் குஞ்சு தப்பிப் பிழைத்து, திரும்ப வீட்டுக்கோழியோடு சேர்ந்து, அந்த ஒரு துண்டு மட்டும் கோழிக்குள் தங்கிவிட்டது. இன்றைக்கு உலகமெங்கும் மஞ்சள் காலோடு நடக்கிற கோழிகளெல்லாம் அதன் வாரிசு. எங்கள் அம்மாவின் அடைக்கோழிக்கும் மஞ்சள் கால்தான்.

2025 ஜனவரி 5

வெள்ளைக்கண்ணிக் குருவி பற்றி ஒரு தங்கை கேட்டிருக்கிறார். ஹப்புத்தளையில் கொய்யா மரத்துக்குக் கூட்டமாக வருபவற்றில் சில கரும்பச்சை, சில இளமஞ்சள், கலப்புத்தானே என்று. மரங்கொத்தியைப் படித்த சூட்டில் நானும் உடனே ஆமாம் என்று சொல்லியிருப்பேன். இந்த முறை பொறுத்தேன்.

கரும்பச்சை, இலங்கை வெள்ளைக்கண்ணி. நுவரெலியா, ஹோர்ட்டன் சமவெளி எல்லாம் அதன் ராச்சியம். இளமஞ்சள், இந்தியாவிலும் உள்ள சாதாரண வெள்ளைக்கண்ணி. அது தாழ்நிலத்திலிருந்து ஏறி வருகிறது. நடுமலையில் இரண்டும் சந்திக்கின்றன. பார்த்தால் மலைக்கு ஏறிய சாதாரண வெள்ளைக்கண்ணிதான் குளிருக்குக் கறுத்துத் தனி இனமானது என்று தோன்றும். நானும் வகுப்பில் அப்படித்தான் சொல்லியிருக்கிறேன். 2017இல் வெளிவந்த மரபணு ஆய்வு அதைப் புரட்டிப் போட்டது. இரண்டும் சகோதர இனங்களே இல்லை. இலங்கை வெள்ளைக்கண்ணி மிகப் பழைய கிளை, முதலில் வந்து குடியேறியது. சாதாரண வெள்ளைக்கண்ணி வெகுகாலம் பிந்தி, தனியாக வந்தது. ஒரே கொய்யாவில் முதல் குடியும் பிந்திய குடியும்.

நவம்பர் 3இல் எழுதியதைத் திரும்ப வாசியுங்கள். அதே கதை, வேறு பறவை.

எப்படி வந்தன என்றும் கேட்டிருந்தார். நடந்து வந்தன என்றே சொல்லலாம். சுமார் 20,000 வருஷத்துக்கு முன், பனியுகத்தின் உச்சத்தில் கடல் மட்டம் இப்போதையதைவிட 120 மீற்றர் அளவுக்குக் கீழே இருந்தது. பாக்கு நீரிணை ஆழமில்லாத கடல். அன்றைக்கு அங்கே தரை. அதற்கு முன்னும் பலமுறை கடல் வற்றித் திறந்தது, ஏறி மூடியது. ஒவ்வொரு திறப்பிலும் சிலர் வந்தார்கள், மூடியபின் மாறினார்கள். ஏழாம் வகுப்புப் பையன் சொன்னது இதுதான்.

2025 ஜனவரி 14

பொங்கல் வாழ்த்துகள். ஒருவர் இந்தப் பறவைகளை வைத்து மனிதர்களைப் பற்றி எழுதியிருந்தார், யார் யாரோடு கலக்கலாம் கூடாது என்று. மனிதர் எல்லாரும் ஒரே இனம். இங்கே அந்தப் பேச்சு வேண்டாம். அதற்கு மேல் பதில் எழுத மாட்டேன்.

2025 பெப்ரவரி 2

"கலப்பிலிருந்து புது இனம் பிறக்குமா?" நல்ல கேள்வி, பதிலும் கண்ணால் பார்த்த பதில்.

கலாபகோஸ் தீவுகளில் டாஃப்னி மேஜர் என்ற சின்னத் தீவு. பீட்டர் கிராண்ட், ரோஸ்மேரி கிராண்ட் தம்பதி அங்கே வருஷக்கணக்காக ஒவ்வொரு குருவிக்கும் காலில் வளையம் போட்டுக் கவனித்தார்கள். 1981இல் வேற்றூர்ச் சேவல் குருவி ஒன்று வந்து சேர்ந்தது. நூறு கிலோமீற்றருக்கு அப்பாலுள்ள எஸ்பஞோலா தீவிலிருந்து வந்தது என்று பின்னாளில் மரபணு காட்டியது. பெரிய உடம்பு, வித்தியாசமான பாட்டு. அது உள்ளூர்ப் பெட்டையோடு சேர்ந்தது. பிள்ளைகள் அப்பாவின் பாட்டைக் கற்றன, உள்ளூர்ப் பெட்டைகள் அந்தப் பாட்டை மதிக்கவில்லை. வேறு வழியின்றித் தம்முள்ளேயே சோடி சேர்ந்தன. சில தலைமுறையிலேயே தனிக் கூட்டம்.

இங்கேயும் குரல்! அம்மா சொன்ன அதே பாஷை. ஆனால் எங்கள் வீட்டில் பிரித்தது, அங்கே ஒரு குடும்பத்தையே உண்டாக்கியது.

2025 மார்ச் 9

ஒக்டோபர் 19 குறிப்பில் இன்னொரு திருத்தம், இது பெரிது.

வடக்கே மஞ்சள், தெற்கே சிவப்பு, ஆக இரண்டு கூட்டம் என்று எழுதினேன். 2024இல் ரஷிகா ரணசிங்கவும் செனவிரத்ன, இர்வின் இருவரும் வெளியிட்ட ஆய்வைப் போன வாரம்தான் முழுதாக வாசித்தேன். இரண்டல்ல, மூன்று. வடக்கின் மஞ்சளுக்குள்ளேயே மரபணுவில் தனித்தனியான இரண்டு கூட்டங்கள் இருக்கின்றன. பார்வைக்கு ஒன்றே. நானும் நீங்களும் எத்தனை வருஷம் பார்த்தாலும் பிரிக்க முடியாது. வவுனியாத் தம்பியின் மஞ்சள் எந்த மஞ்சள்?

இன்னொன்று. கலப்பு இரு பக்கமும் சமமாக ஓடவில்லை. தெற்குச் சிவப்பின் மரபணுத் துண்டுகள் வடக்கு மஞ்சளுக்குள் ஏறுகின்றன. ஆனாலும் வறண்ட வடக்கில் உடை மஞ்சளாகவே நிற்கிறது. உள்ளே சிவப்பின் சொத்தை வைத்துக்கொண்டு வெளியே மஞ்சளாகத் திரிகிறவை அங்கே உண்டு. எல்லாம் சேர்ந்து பனியுகக் காலத்தில் தென்னிந்தியாவிலிருந்து வந்த ஒரே மூதாதையில் போய் முடிகின்றன. அந்த மூதாதை அங்கே இன்றைக்கும் இருக்கிற பொன்முதுகைப் போன்றது. நம் மலையகச் சிவப்பு, வந்த பிறகு இந்தத் தீவில் சிவந்தது.

நிறத்தை நம்பி முதல் குறிப்பில் ஏமாந்தேன். ஊரை நம்பி இரண்டாவதை எழுதினேன். இப்போது ஊரும் போதவில்லை.

2025 ஏப்ரல் 15

புத்தாண்டு முடிந்தது. நாளை கண்டி, அங்கிருந்து வவுனியா பஸ். தம்பியின் தாயார் போன் எடுத்து, "வந்து நிண்டு பார்த்திட்டுப் போங்கோ பிள்ளை" என்று கூப்பிட்டார். அந்தச் சோடி பட்டுப்போன தென்னையில் பொந்து குடைந்திருக்கிறதாம்.

வரைபடத்தை விரித்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். கோப்பிக் காலத்தில் எங்கள் பாட்டனாரின் அப்பா துறையூர்ப் பக்கத்திலிருந்து மன்னார்க் கரையில் இறங்கி, வன்னிக் காட்டு வழியாக மாத்தளைக்கு நடந்தவர். கூட வந்தவர்கள் பலர் வழியிலேயே காய்ச்சலில் போனார்கள் என்று பாட்டி சொல்வார். அந்தப் பாதை நேரே இந்தப் பட்டியைத்தான் வெட்டிப் போகிறது. மன்னாரில் மஞ்சளைப் பார்த்திருப்பார், மாத்தளையில் சிவப்பை. நடுவில் தோடம்பழத்தையும் பார்த்திருக்கக்கூடும், பசியில் தலை நிமிர்ந்திருந்தால்.

2025 ஏப்ரல் 18

வவுனியாவிலிருந்து எழுதுகிறேன். நேற்றுக் காலை ஆறு மணிக்கே வளவில் நின்றேன். முதலில் சத்தம், குதிரை கனைப்பது போல இறங்கி வரும் சத்தம். பண்டாரவளையில் கேட்பதற்கும் இதற்கும் வித்தியாசம் என் காதுக்குப் படவில்லை. பிறகு வந்தது. காலை வெயில் நேராக முதுகில் விழுந்தது, அதனால் உடனே நம்பவில்லை. பத்து மணிக்கு, வானம் மூடி வெளிச்சம் சமமானபோது மறுபடி பார்த்தேன். தோடம்பழம். மலையகச் சிவப்பு இல்லை, பனை மஞ்சளும் இல்லை. தோளோரம் மஞ்சள் கூடுதல், நடுமுதுகில் சிவப்பு கூடுதல். அலகு கருமை.

தம்பியின் அப்பாவிடம் கேட்டேன், சின்ன வயதிலும் இந்த நிறம் இருந்ததா என்று. "எப்பவும் மூண்டு விதமும் நிண்டது பிள்ளை. ஒருத்தரும் வந்து கேக்கேல்லை" என்றார்.

2025 ஏப்ரல் 19

இன்று கடைசிக் காலை. மஞ்சள் பெட்டை எறும்பு முட்டையோடு வந்து பொந்தின் வாயில் தொங்கியது. உள்ளேயிருந்து ஒரு குஞ்சு கழுத்துவரை நீட்டி வாயைத் திறந்தது. தலையில் கறுப்பும் சிவப்பும். தம்பி தென்னையைச் சுற்றிச் சுற்றி வந்தான், நான் வரப்பில் முழங்கால் போட்டு அண்ணாந்து பார்த்தேன். பதினொரு மணிவரை நின்றோம். குஞ்சு முதுகை வெளியே காட்டவேயில்லை. எனக்குப் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. பறந்து வெளியே வரும் நாளில் தம்பி படம் எடுத்து அனுப்புவான், நிழலில் ஒன்று, வெயிலில் ஒன்று.